சாய்ந்தால் யோசிக்கும் படகு

பூனாவுக்குப் பக்கத்திலுள்ள கடக்வாஸ்லா ஏரியில் ஒரு மோட்டார்ப் படகின் ஆட்டத்தை நிறுத்துவதற்காக நான் பல வாரம் உழைத்தேன். ஆட்டம் நின்றது. அந்தப் படகில்தான் என் அக்காவின் கணவர் செத்தார். இந்த மூன்றையும் சேர்த்து நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பூனாவில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். டிப்ளமா வாங்கியிருந்தேன். அந்தத் தலைக்கனம் என் நடையிலேயே தெரியும் என்று அக்கா கேலி செய்வாள். நாங்கள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள். பட்டாளத்து ஆபீசில் வேலை கிடைத்து வந்த அப்பா கேம்ப் என்னும் பட்டாளப் பகுதியிலேயே நிலைத்துவிட்டார். அக்கா அத்தானோடு எங்கள் வீட்டிலேயே இருந்தாள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அத்தான் லாரி டிரைவர். பம்பாய்க்கும் பூனாவுக்கும் நடுவிலுள்ள காட் மலை ரோட்டில் பத்து வருஷம் ஓட்டி முதுகு போனபிறகு, ஒரு மில் சேட்டின் காருக்கு டிரைவராகச் சேர்ந்தார். சேட் பம்பாயில் ஒரு பெரிய மரப்படகை வாங்கி ஏரிக்குக் கொண்டுவந்தபோது, கார் ஓட்டுகிறவனுக்குப் படகு ஓட்ட வராதா என்று ஸ்டியரிங்கை அத்தானிடமே கொடுத்துவிட்டார். அத்தானுக்கு நீச்சல் தெரியாது. சேட் கேட்கவில்லை, அத்தானும் சொல்லவில்லை.

அந்தப் படகு கெட்டியான படகு. ஆனால் காற்று அடித்தால் வெடுக் வெடுக்கென்று ஆடும். சேட்டின் மனைவி ஏறிய முதல் நாளே வாந்தி எடுத்துவிட்டு, இனி இதில் கால் வைக்க மாட்டேன் என்று இறங்கிப் போனாள். விருந்தாளிகளின் டீ மடியில் கொட்டியது. சேட்டுக்கு மானம் போயிற்று. “என் மச்சான் ஒருத்தன் இருக்கான், எஞ்சினியர்” என்று அத்தான் பெருமையாகச் சொல்லிவைக்க, சேட் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் எஞ்சினியர் இல்லை. திருத்தவும் இல்லை.

சேட்டிடம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை இருந்தது. அதில் பணக்காரர்களின் படகுகளுக்கு உள்ளே பெரிய சக்கரம் சுழன்று ஆட்டத்தை அடக்குவதாகப் படம் போட்டிருந்தது. அதுபோல ஒன்று வேண்டும் என்றார். அதைச் சுழற்றவே இன்னொரு எஞ்சின் வேண்டும், உட்கார இடம் இருக்காது என்று சொல்லி அவரை அதிலிருந்து மீட்டேன். மிச்சமிருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, படகின் அடியில் கனம் போடுவது. ரயில் தண்டவாளத் துண்டுகளை வரிசையாக அடுக்கிக் கட்டிவிடலாம். மற்றது, அடிப்பக்கம் வளைந்து மேலேறும் இடத்தில் இரண்டு பக்கமும் மீனுக்கு இருப்பதுபோல நீளவாக்கில் இரும்புத் துடுப்பு வைப்பது. படகு சாயும்போது அந்தத் துடுப்பு தண்ணீரைத் தள்ளவேண்டியிருக்கும். அதனால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

அத்தான் முதல் வழியைத்தான் கேட்டார்.

“அடியில கனத்தப் போட்டுரு மாப்ள. லோடு கீழ இருந்தா வண்டி சொன்ன பேச்சக் கேக்கும்.”

“இது வண்டி இல்ல அத்தான்” என்றேன்.

கனம் போட்டால் படகு தாழும், வேகம் குறையும், சேட்டுக்குப் பிடிக்காது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் தண்டவாளத் துண்டை அடுக்குவதற்கு டிராஃப்ட்ஸ்மேன் எதற்கு? துடுப்பு என்றால் வரையலாம், வளைவு எடுக்கலாம், கீழே கையெழுத்துப் போடலாம். நான் துடுப்பைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுதான். அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

கோடையில் ஏரி வற்றியிருந்த சமயம் படகை மூங்கில் உருளைகளின் மேல் கரைக்கு இழுத்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. போல்ட் போட்ட ஓட்டைகளில் எல்லாம் பஞ்சும் தாரும் வைத்து அடைத்தேன். அத்தான் படகுக்குக் கீழே மல்லாந்து படுத்து ஸ்பேனர் பிடித்தார். முதுகு வலியில் முனகுவார், கேட்டால் பாட்டுப் பாடுகிறேன் என்பார்.

தண்ணீரில் இறக்கியதும் சோதித்தோம். அக்கா தன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரிடமிருந்து ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தாள். நான்கு பேர் ஒரு பக்கமாக நின்று மிதித்துவிட்டு விலகினோம். படகு ஒரு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர மூன்று வினாடி. துடுப்பு வைப்பதற்கு முன்னும் ஏறக்குறைய அதே மூன்றுதான். முன்பு பதினைந்து தடவை ஆடும், இப்போது நான்கில் நின்றது. சேட்டின் மனைவி திரும்ப ஏறினாள். வாந்தி வரவில்லை. சேட் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

படகுதான் இனி ஆடாதே என்று சேட் அடுத்ததற்குத் தாவினார். கூரையை எடுத்துவிட்டு மேலே ஒரு தளம் வேண்டும், பிரம்பு நாற்காலி போட வேண்டும், சுற்றி இரும்புக் கம்பி, ஏற ஏணி. அதையும் நான்தான் வரைந்தேன். கம்பிக்கு அழகான பூவேலை வைத்தேன். கீழே மூடிய அறையில் அத்தான் ஸ்டியரிங் பிடிப்பார். மேலே விருந்தாளிகள் காற்று வாங்குவார்கள்.

மேல்தளம் வந்து ஒரு மாதத்தில் அக்கா ஒரு நாள் காலையில் என் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் முகம் சரியில்லை.

“ஏல, அவிய வேலைக்குப் போவமாட்டேங்காவ. படகப் பாத்தாலே பயமா இருக்குன்னு சொல்லுதாவ. நீ கொஞ்சம் என்னன்னு கேளு.”

அத்தான் உள்ளே டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன அத்தான்?”

“முன்ன சாஞ்சா வெடுக்குனு நிமுந்துரும் மாப்ள. இப்ப சாஞ்சுட்டு யோசிக்குது. பஞ்சு மூட்டைய வானத்துக்கு ஏத்திக்கிட்டு காட் வளைவுல திரும்புனா லாரி ஒரு நிமிஷம் அப்படியே நிக்கும் பாரு, வரவா வேண்டாமான்னு. அது மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம். சேட்டுகிட்ட சொல்லி கார மட்டும் ஓட்டிக்கிடுதேன். அவன் மாட்டேன்னா வேற இடம் பாப்போம்.”

எனக்குக் கோபம் வந்தது. என் படகைக் குறை சொல்கிறார் என்ற கோபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டாப் வாட்சை மறுபடி வாங்கிக்கொண்டு, அத்தானையும் அழைத்துக்கொண்டு, ஸ்வார்கேட்டில் பஸ் ஏறிப் போனேன். மேல்தளத்தில் ஆட்களை நிற்கவைத்து மிதித்துப் பார்த்தேன். மூன்று ஆட்டத்துக்குப் பதினெட்டு வினாடி. ஓர் ஆட்டத்துக்கு ஆறு. முன்பு மூன்று, இப்போது ஆறு. அதை ஒரு காகிதத்தில் எழுதி, ஆறுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். பாதி வேகத்தில் ஆடுகிறது என்றால் இரண்டு பங்கு நிதானம் என்று அர்த்தம் என அத்தானுக்குப் பாடம் நடத்தினேன். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். டிப்ளமா படித்தவன் நான் அல்லவா?

வீட்டுக்கு வந்து அக்காவிடம் அந்தக் காகிதத்தையே காட்டினேன். “படகு முன்னாலவிட நல்லாருக்கு. அத்தானுக்கு மனசுலதான் கோளாறு” என்றேன். அக்கா சிரித்துவிட்டாள். மறுநாள் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து, “என் தம்பி பாத்துட்டான், போயிட்டு வாங்க” என்று அனுப்பினாள். அவர் போனார்.

மழை முடிந்து ஏரி நிரம்பியிருந்த ஒரு பிற்பகலில் சேட் இருபதுக்கு மேல் ஆட்களை ஏற்றினார். எல்லாரும் மேலே. மலையின்மேல் வானவில் போட்டிருக்கிறது என்று யாரோ கூவ, எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாகப் போனார்கள். அந்த நேரம் பார்த்து அத்தான் கரைக்குத் திருப்பினார். படகு சாய்ந்தது. பிழைத்தவர்களில் ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார்: ஒரு கணம் அது அப்படியே நின்றதாம், நிமிர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். மேலே இருந்தவர்கள் தண்ணீரில் விழுந்து, மீன்பிடிக்காரர்களின் தோணிகள் வரும்வரை நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். கீழே அறைக்குள் இருந்தவர் அத்தான் ஒருவர்தான். மறுநாள் எடுத்தார்கள். நான் அடையாளம் சொன்னேன்.

விசாரணைக்குப் பம்பாயிலிருந்து படகுகளைச் சோதிக்கும் சர்வேயர் ஒருவர் வந்தார். விசாரணை தொடங்குமுன் வராந்தாவில் அவரிடம் என் காகிதத்தை நீட்டினேன். அப்போதுகூடப் பெருமையாகத்தான் நீட்டினேன், படகில் குறையில்லை என்று நிரூபிக்க. அவர் அதைப் படித்தார். வெடுக்கென்று திரும்பினால் படகுக்குப் பலம் இருக்கிறது என்று அர்த்தம், மெதுவாகத் திரும்பினால் அதற்கு நிமிரத் தெம்பில்லை என்று அர்த்தம், ஆறு வினாடியைப் பார்த்த அன்றே மேல்தளத்தைக் கழற்றியிருக்க வேண்டும் என்றார். உங்கள் துடுப்பு ஆட்டத்தை அடக்கியதால் வேறு யாருக்கும் அது தெரியவில்லை என்றார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, “இதை உள்ளே கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கொடுக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு கவனக்குறைவாகத் திருப்பிய டிரைவரின் தவறு என்று முடித்தார்கள். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஏரியின் அணையும் அதற்கு மேலே இருந்த அணையும் உடைந்து பூனாவில் வெள்ளம் புகுந்தது. ஆற்றங்கரைப் பேட்டைகள் விழுந்தன. ஏரி ஒரேயடியாகக் காலியாகிவிட்டது. சேட் எடுக்காமல் விட்ட படகு ஒரு மூலைச் சேற்றில் தலைகீழாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்ட அக்கா, என்னைக் கூட்டிப் போகச் சொன்னாள். எத்தனையோ சாக்குச் சொன்னேன். அவள் விடவில்லை.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து போனாள். மேல்தளம் நொறுங்கி மண்ணுக்குள் போயிருந்தது. அடிப்பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது. இரண்டு பக்கமும் என் துடுப்புகள் வைத்தது வைத்தபடி இருந்தன, ஒரு போல்ட்கூட அசையவில்லை. அக்கா அதில் ஒன்றைத் தடவிப் பார்த்தாள். கையால் இழுத்தும் பார்த்தாள்.

“நீ செஞ்சதுல ஒரு கொறையும் இல்லல” என்றாள். “நான்தான் மனசுக்குள்ள உன்னையும் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிக்க. அவியதான் எங்கயோ தப்பு பண்ணிட்டாவ.”

காகிதம் அன்றைக்கும் என் பையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. சேற்றில் அவள் வழுக்கிவிடாமல் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தேன். அக்கா சாகும்வரை தன் புருஷன்தான் தப்பு செய்தார் என்று நம்பினாள்.