சாத்திய சன்னல்

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் ஆயாவாக இருந்தேன். மூடுபனி விலகி வெயில் அடித்தால் போதும், சின்னப் பிள்ளைகளின் ஸ்வெட்டரைக் கழற்றிப் புல்தரையில் உட்கார வைக்க வேண்டும். விடுதி மேடத்தின் கட்டளை. வேலையற்ற வேலை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஊரார் பிள்ளைகளின் கைகால்களை வெயிலுக்குக் காட்டுவேன். அதே நேரத்தில் என் மகள், சன்னலைச் சாத்தி இடுக்கில் பழந்துணி செருகிய அறையில், குரங்குக் குல்லாவோடு படுத்திருப்பாள். அவளுக்கு என்னைத் தவிர யாருமில்லை. கதவைப் பூட்டிவிட்டு வந்தவளும் நான்தான்.

கைக்குழந்தையிலிருந்தே அவளுக்கு இருமல். சளி பசை மாதிரி நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு தின்றாலும் உடம்பில் பிடிக்காது. வெளிக்குப் போனால் எண்ணெய் மிதக்கும். முத்தம் கொடுத்தால் உதடு கரிக்கும். "ஏ உப்புக்கண்டம்" என்று கொஞ்சுவேன். அது நோயின் அடையாளம் என்று யார் கண்டது? நாங்கள் வத்தலக்குண்டிலிருந்து மலையேறியவர்கள். மலைக்காற்று என்றாலே பயம். "பனி உள்ள எறங்கிருச்சு, புள்ளைய வெளிய விடாத" என்றார்கள் அக்கம்பக்கத்தில். ஆஸ்பத்திரியில் காசநோய் என்று மாதக்கணக்கில் ஊசியும் போட்டார்கள். இருமல் நிற்கவில்லை.

விடுதியில் மிஞ்சிய மீன் எண்ணெயைக் கேட்டு வாங்கி தினமும் ஒரு கரண்டி ஊட்டினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். பிறகு கேட்பாள்: "கொஞ்ச நேரம் வெயில்ல ஒக்காரவாம்மா?"

"பனி புடிச்சுச் செத்துத் தொலையாத. பேசாம கெட."

என் வாயால் சொன்னேன்.

ஏழு வயதில் கால் வளைய ஆரம்பித்தது. அப்போதுதான் மதுரைக்குக் கூட்டிப்போனேன். "முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குதாம்மா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இது பொறவியிலயே வந்ததும்மா. எண்ணெய்ச் சத்து இவ குடல்ல சரியா ஒட்டாது. நீங்க ஊட்டுன மீன் எண்ணெய்ல பாதிக்கு மேல அப்படியே வெளிய போயிருக்கும். எலும்பு வளையாம இருக்க அதுல உள்ள விட்டமின் டி வேணும், அது வெயில்லயாவது கெடச்சிருக்கணும். வெயில்ல விடுவீங்களா?"

மகளின் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மலைக்குத் திரும்பியதும் சன்னல் இடுக்குத் துணியைப் பிடுங்கி எறிந்தேன். ஆனால் அது ஐப்பசி. மழையும் மூடுபனியுமாக அடைத்துக் கிடந்தது. சன்னலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். "இன்னிக்கு வருமாம்மா?" என்று விடிந்ததும் கேட்பாள். கார்த்திகையில் மறுபடி நெஞ்சு கட்டியது. இந்தமுறை மூச்சு திரும்பவில்லை.

வெகுகாலம் கழித்து வேறொரு டாக்டர் சொன்னார், அந்த வெயில் சத்து எலும்புக்கு மட்டுமல்ல, மூச்சுக்குழாய் கிருமியோடு சண்டை போடவும் உதவுமாம். "அப்ப வெயில்ல விட்டுருந்தா பொழச்சிருப்பாளா சார்?" என்றேன். அந்த நோய்க்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு, அவள் அடக்கம் முடிந்த நாலாம் நாளே வேலைக்குப் போனேன். மலை முழுக்க நல்ல வெயில். பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒவ்வொருவராக ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன்.