தக்காளிக்கு முப்பது மில்லி வினாடி

தக்காளி தரம் பிரிக்கும் கூடத்தில் எல்லோரும் அவரை 'நகல்' என்றே அழைத்தார்கள். வீட்டுச் சாவிக்கு ஐந்து நகல், கல்யாணப் பத்திரிகைக்கு மூன்று, அவையெல்லாம் எங்கே இருக்கின்றன என்று எழுதிய தாளுக்கு இரண்டு. பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பிரித்தே கணினி கற்றவர். எதையும் ஒற்றையாக விட மனம் வராது.

புதிய இயந்திரத்தை வாங்கச் சொன்னவர் அவர்தான். பட்டையில் ஓடும் தக்காளியைக் கேமரா படம் பிடிக்கும்; கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு அழுகலைக் கண்டுபிடிக்கும்; காற்றுக்குழாய் 'புஸ்' என்று ஊதி அதைக் கூடையில் தள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் அழுகல் தப்பித்துப் போக, பின்னால் வந்த நல்ல தக்காளிதான் பறந்தது.

மேற்பார்வையாளர் அவர் மனைவியின் அண்ணன்.

"மாப்ளே, சரக்கு வாங்குற அம்மா மூணு மணிக்குப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலேன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிடுவேன். நீங்க பழையபடி தராசுக்கு எண்ணெய் போடலாம்."

"குழாயைப் பட்டை ஓடுற பக்கமா நாலு விரக்கடை முன்னாடி தள்ளி வச்சிருக்கேன் மச்சான்."

"அப்பவும் நல்லதைத்தானே அடிக்குது? அழுகலுக்கு உங்ககிட்ட செல்வாக்கு ஜாஸ்தி போல."

நகல் ஒவ்வொரு படியாக அளந்தார். கார்டு முடிவு சொல்ல இரண்டு மில்லி வினாடி. படம் கார்டுக்கு வந்து சேரவோ முப்பது, சில நேரம் நாற்பது; அதற்குள் அழுகல் குழாயைத் தாண்டிவிடுகிறது. தம் நிரலைத் திறந்தார். ஒவ்வொரு படத்தையும் கணினியின் நினைவகத்தில் வைத்து, பத்திரத்துக்காக ஒரு நகல் எடுத்து, அந்த நகலுக்கும் ஒரு நகல் எடுத்த பிறகே அது கார்டுக்கு அனுப்பியது. எழுதியவர் யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை.

மனைவிக்குப் போன் செய்தார். "நகலே எடுக்காம நேரா கார்டுக்கு அனுப்பிடலாம்னு பாக்குறேன்."

"உடம்புக்கு ஏதாச்சும் செய்யுதாங்க?"

கேமராவின் படம் கார்டின் நினைவகத்திலேயே நேராக இறங்கும்படி மாற்றி, நகல் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தார். முப்பது மூன்றாகக் குறைந்தது.

வாங்கும் அம்மாள் வந்து நின்றார். பட்டை ஓடியது. 'புஸ்'. அழுகலுக்கு முன்னால் போன நல்ல தக்காளி பறந்தது.

"முன்னேத்தம்தான் மாப்ளே. இதுவரைக்கும் பின்னாடி வர்றவனை அடிச்சுது."

நகலுக்கு அப்போதுதான் உறைத்தது. தாமதத்துக்காகத் தள்ளி வைத்த குழாய் இன்னும் அங்கேயே இருந்தது. அதை நாலு விரற்கடை பின்னுக்கு இழுத்து முடுக்கினார். 'புஸ்'. அழுகல் கூடையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

அம்மாள் இருபது அழுகல் வரை எண்ணிவிட்டுத் தலையாட்டினார். "மெஷின் இருக்கட்டும்."

மச்சான் தோளில் தட்டினார். "புது புரோகிராமுக்கு நகல் வச்சிருக்கீங்கல்ல?"

நகலின் முகம் வெளுத்தது. கணினியை நோக்கி ஓடினார். பொழுது சாய்வதற்குள் அதற்கு ஏழு நகல்கள் இருந்தன.