முப்பது தாடிகளில் ஒரு மகன்

டெசொலினா கிரார்தி ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். இத்தாலியில் பார்மா நகருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு கிடங்கில், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைகளுக்குக் கொழுப்புப் பூசும் வேலையை முப்பத்தோரு வருடம் செய்தவள். மகன் நேவியோவும் அதே கிடங்கில் இருந்திருக்க வேண்டியவன். பாடப் போகிறேன் என்று அவன் கிளம்பிய அன்று, "இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார் அவள் கணவர் ஒரெஸ்தே. ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அவரும் இறங்கி வரவில்லை, அவனும் மலையேறி வரவில்லை. நடுவில் கிடந்து வெந்தவள் இவள்தான்.

ஓபரா என்னும் இசை நாடகத்தின் கோரஸில் கூட்டத்தோடு நின்று பாடும் நேவியோவுக்கு, முதன்முதலாகத் தனியாக ஒரு வரி கிடைத்திருப்பதாகத் தபால்காரப் பெண் வந்து சொன்னாள். மூன்றாம் அங்கத்தில், ஒரே ஒரு வரி. பிள்ளையைக் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று டெசொலினா அன்றே முடிவு கட்டினாள். அக்கா வீட்டுக்குப் போவதாகக் கணவரிடம் புளுகிவிட்டு, கத்தரிப்பூ நிறத்தில் புதிதாகத் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு, ஞாயிறு மதியக் காட்சிக்குப் பஸ் ஏறினாள்.

ஐம்பத்தெட்டு வயதில் முதல் ஓபரா. மேல்மாடியில் பக்கத்து இருக்கைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார். கொழுப்பு வாடை இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று முழங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். திரை விலகியது. மேடையில் முப்பது ஆண்கள். முப்பது பேருக்கும் ஒரே தாடி, ஒரே தொப்பி. எத்தனை உற்றுப் பார்த்தும் பெற்ற பிள்ளை எவன் என்று தெரியவில்லை. பாட்டு எதுவும் காதில் ஏறவில்லை. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இரண்டாம் அங்கம் முடிந்த கையோடு மேடையின் பின்வாசலில் போய் நின்றாள்.

வாசல்காரர் இரண்டு கையாலும் மறித்தார். "ஏம்மா, இந்தக் கத்தரிப்பூ நிறத்துல உள்ள வரலாமா? பாடுறவங்க கண்ணுல பட்டா மேடையே ஏற மாட்டாங்க."

"நிறம் என்னய்யா பண்ணும்?"

"நாடகக்காரங்களுக்கு இது ஆகவே ஆகாது. வீட்டுக்குப் போய் மாத்திட்டு வா."

"வீடு மலைமேல இருக்கு."

"அப்ப அடுத்த வாரம் வா."

"கவுன்தான ஆகாது? நான் ஆவேன்ல?"

சொல்லிக்கொண்டே பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினாள். வாசல்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கவுனை மடித்து அவர் நாற்காலியில் வைத்துவிட்டு, வெள்ளை உள்பாவாடையும் பூட்ஸுமாக உள்ளே நடந்தாள். உடைகளைக் கவனிக்கும் நொரீனா ஓடிவந்து ஒரு சிப்பாயின் மேலங்கியை அவள்மேல் போர்த்தி, பக்கத் திரைக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"பேசக் கூடாது அக்கா. தும்மல் வந்தாலும் முழுங்கிருங்க."

மூன்றாம் அங்கத்துக்குத் தாடிகள் வரிசையாக அவளைக் கடந்து போயின. ஒரு தாடி மட்டும் நின்றது.

"அம்மா? குளிரலையா உனக்கு?"

அந்தக் குரல் போதும். அவள் வாய் திறப்பதற்குள் அவன் வெளிச்சத்துக்குப் போக வேண்டியிருந்தது. பாடினான். ஒரு பல் பூண்டை உரிக்கும் நேரம்கூட ஆகவில்லை, வரி முடிந்துவிட்டது. பிடிக்காததற்கெல்லாம் சீட்டியடிக்கும் மேல்மாடிக் கூட்டம் சும்மா இருந்தது. ஒரு வரிக்காரனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை அந்த ஊரில் கிடையாது. டெசொலினா மேலங்கியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

கடைசித் திரை விழுந்ததும் அவன் ஓடிவந்தான். "எப்படிம்மா இருந்துச்சு?"

"மத்தவங்க பாடுனது எனக்கு வெளங்கல. நீ பாடுனது நல்லா இருந்துச்சு. தாடியப் பிச்சுப் போட்டுட்டு வா, ஏழு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

"நீ வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

"ரெண்டு பேரும் போய்ச் சொல்லிக்கலாம்."

"அவரு கதவத் திறக்க மாட்டாரும்மா."

"அவரு எதுக்குடா திறக்கணும்? சாவி எங்கிட்ட இருக்கு."