புடவைச் சுற்றுக்குக் கீழே இருந்த ஈரல்

1. ஆண்கள் வார்டு

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அசிஸ்டெண்ட் சர்ஜனாக நான் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். முதல் நாள் காலை சீஃப் என் ஆர்டரை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மருதாயி, எம்.பி.பி.எஸ். எந்த ஊரும்மா?"

"உப்பிலியபுரம் சார்."

"சரி. லேபர் வார்டுக்குப் போ."

"ஏன் சார்?"

"லேடி டாக்டர் வேற எங்க போவாங்க?"

"பாதி ஜனத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கலாம்னு என் சர்டிபிகேட்ல போடலை சார்."

பக்கத்தில் நின்ற ஆண் டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள். சீஃப் என்னை முறைத்தார். "அப்படியா? காலையில லேபர் வார்டு. மத்தியானம் ஆண்கள் வார்டு. ரெண்டும் பாரு. முடியலைன்னா நீயே வந்து சொல்லு" என்றார். ஒரு வாரத்தில் நான் அழுதுகொண்டு வருவேன் என்று நினைத்தார். நான் போகவில்லை. ரெண்டையும் பார்த்தேன். சாப்பிட நேரமில்லாமல் பார்த்தேன். இந்தக் கதையில் எனக்குப் பெருமை ஏதாவது இருந்தால் அது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆண்கள் வார்டில் முதல் கேஸ், துறையூர்ப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர். காய்ச்சல், வலது விலாவிலும் வலது தோளிலும் வலி, உடம்பு எலும்பும் தோலும். எனக்கு முன்னால் ஒரு டாக்டர் விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து அமுக்கிவிட்டு, "லிவர் தட்டுப்படலை சார்" என்றார்.

சீஃப் என்னைப் பார்த்தார். நான் அந்த ஆளிடம் வேட்டியைத் தளர்த்தச் சொன்னேன். அவர் கூச்சப்பட்டார்.

"அட, தளர்த்துங்கய்யா. உங்களை நான் பொண்ணா கேட்க வந்தேன்?"

வார்டே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தளர்த்தினார். நான் வலது தொடை இடுக்கிலிருந்து ஆரம்பித்தேன். விரலைப் பதித்து, மூச்சை இழுக்கச் சொல்வது. ஒன்றும் தட்டுப்படாவிட்டால் கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தி, மறுபடி மூச்சை இழுக்கச் சொல்வது. மூச்சை இழுக்கும்போது ஈரல் கீழே இறங்கி விரலில் வந்து இடிக்கும். அந்த ஆளுக்குத் தொப்புளுக்குக் கீழேயே வந்து இடித்தது. முதலில் பார்த்த டாக்டர் ஈரலின் மேலேயே கையை வைத்து அமுக்கிவிட்டு, ஈரலைக் காணோம் என்று சொல்லியிருக்கிறார். ஓரம் எங்கே முடிகிறது என்று தேடாதவருக்கு வயிறு முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார் சீஃப்.

"எல்லாரும் படிச்ச புஸ்தகத்துலதான் சார் இருக்கு. அவிழ்க்கச் சொல்ல இவருக்குக் கூச்சம்."

அப்போது மதுவிலக்குக் காலம். ஆனாலும் பச்சைமலை அடிவாரத்தில் காய்ச்சிய சரக்கு எங்கள் வார்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. ஈரலில் சீழ் கட்டியவர்கள் அத்தனை பேர் வந்தார்கள். எல்லாரும் ஆண்கள். அதனால் லிவர் ஆப்ஸெஸ் என்றால் சாராயம், சாராயம் என்றால் ஆம்பளை என்று எல்லார் மண்டையிலும் ஏறிவிட்டது. உண்மையில் அது சீதபேதிக் கிருமி குடலிலிருந்து ஈரலுக்கு ஏறுவதால் வருவது. சாராயம் உடம்பைக் கெடுத்துக் கதவைத் திறந்து விடுகிறது, அவ்வளவுதான். கிருமிக்குக் குடிகாரன் வீடு எது, குடிக்காதவன் வீடு எது என்று தெரியாது.

ஒரு விஷயத்தை இளம் டாக்டர்கள் இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும். கைக்குத் தட்டுப்படுகிற ஈரலெல்லாம் வீங்கின ஈரல் இல்லை. ஆஸ்துமாக்காரனுக்கு நுரையீரல் உப்பி ஈரலைக் கீழே தள்ளியிருக்கும். தட்டுப்படாத ஈரலெல்லாம் சரியான ஈரலும் இல்லை. அது மேல்நோக்கி மார்புக்குள்ளே வளர்ந்திருக்கலாம். அதனால் மார்பிலும் விரல் வைத்துத் தட்டிக்கொண்டே கீழே வர வேண்டும். காலிக் குடம் மாதிரி சத்தம் வரும் இடம் நுரையீரல். தண்ணீர்க் குடம் மாதிரி ஆகும் இடத்தில் ஈரல் ஆரம்பிக்கிறது. மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டையும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

2. சானடோரியம் கேட்டு வந்தவர்

ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஏதோ ஆபீஸில் ஹெட் கிளார்க். நெற்றியில் திருமண், கையில் குடை. அவருடைய மனைவிக்கு க்ஷயம், அதாவது டி.பி., என்று அவர்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம். சானடோரியத்தில் ஒரு பெட் வாங்க எங்கள் சீஃபிடம் சிபாரிசு கேட்க வந்திருக்கிறார். சீஃப் ஆபரேஷனில் இருந்தார். நான்தான் இருந்தேன்.

"எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"இல்லேம்மா. அவளை வெளியில அழைச்சுண்டு போறது கஷ்டம். டாக்டர் முதுகுல குழாய் வெச்சுப் பார்த்தார். வலது பக்கம் அடியில மூச்சு சத்தம் சரியா கேக்கலைன்னார். சாயங்காலம் சாயங்காலம் ஜுரம். இருமல்."

"சளி வருதா?"

"வறட்டு இருமல்தான்."

"எங்கயாவது வலி சொல்றாங்களா?"

"வலது தோள்பட்டை. அது ஏதோ வாய்வு."

க்ஷயம் என்று சொல்லிவிட்டார்கள், சளி இல்லை. நுரையீரலில் வியாதி என்கிறார்கள், வலி தோளில். அந்த வண்டிக்காரர் முதல் நாள் என்னிடம் காட்டியதும் அதே தோள்தான். ஈரலின் மேல்பக்கம் எரிச்சல் கண்டால் வலி தோளில் போய்த் தெரியும். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

"வயித்தைப் பார்த்தாரா டாக்டர்?"

அவர் என்னை ஏதோ அசிங்கம் பேசியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அதெப்படிம்மா பார்ப்பர்?"

"கையாலதான்" என்றேன். "சாயங்காலம் நான் வரேன். வீடு எங்கன்னு சொல்லுங்க."

3. மடி

அவருடைய மனைவி செங்கமலம் மாமியைப் பின்கட்டு அறையில் தனியாகப் போட்டிருந்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். மாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு குழந்தைகளையும் கும்பகோணத்தில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்னது இன்னும் தாய்ப்பால் மறக்காதது.

மாமி வலது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வளைந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வார்டில் எத்தனையோ பேர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது கஜம் புடவை, ஈரம் இன்னும் காயவில்லை.

"இந்தக் காய்ச்சலோட குளிச்சீங்களா?"

"ஸ்நானம் பண்ணாம எப்படி சாப்பிடறது? மடியா இருக்கேன். நீங்க தொட்டேள்னா நான் மறுபடியும் ஸ்நானம் பண்ணணும்."

எனக்குக் கோபம் வந்தது. அடக்கவில்லை. "பண்ணிக்குங்க. உயிரோட இருந்தா ஆயிரம் தடவை பண்ணிக்கலாம். முதல்ல படுங்க" என்றேன். கணவரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"புடவையைத் தளர்த்துங்க."

"குழாயை மேலேயே வெச்சுப் பாருங்கோளேன். அந்த டாக்டர் அப்படித்தான் பார்த்தார்."

"அதனாலதான் நீங்க இந்த ரூம்ல இருக்கீங்க."

மாமி சுற்றைத் தளர்த்தினார். இடுப்பைச் சுற்றிச் சுற்றித் தடிமனாக ஏறியிருந்த அந்தப் புடவை மடிப்புக்கு அடியில் ஒரு பூசணிக்காயையே ஒளித்து வைக்கலாம். அதன் மேலே கை வைத்து எந்தக் கடவுளாலும் ஈரலைக் கண்டுபிடிக்க முடியாது.

வலது தொடை இடுக்கிலிருந்து ஆரம்பித்தேன். "மூச்சை இழுங்க. விடுங்க. இழுங்க." விலாவுக்குக் கீழே நாலு விரல் அகலத்தில் வந்து இடித்தது. வழவழவென்று ஓரம். தொட்டதும் மாமி பல்லைக் கடித்தார். மார்பில் மேலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். இருக்க வேண்டிய இடத்துக்கு வெகு மேலேயே தண்ணீர்க் குடச் சத்தம் வந்துவிட்டது. ஈரல் கீழேயும் வளர்ந்து, மேலேயும் நுரையீரலைத் தள்ளிக்கொண்டு நின்றது. பெரிய டாக்டர் முதுகில் கேட்காத மூச்சு அதனால்தான் கேட்கவில்லை. கடைசியாக ஒரே ஒரு விரலை விலா எலும்புகளுக்கு நடுவில் வைத்து அமுக்கினேன். ஒரு இடத்தில் மாமி என் கையைத் தட்டிவிட்டார்.

"அங்கதானா?"

"அங்கேதான். பெருமாளே."

"மாமி, நடுவுல எப்பவாவது சீதபேதி வந்துதா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏகாதசி கூட்டத்தப்போ வந்தது. ரத்தமும் சளியுமா. யார்கிட்ட சொல்றது இதையெல்லாம்? மோரைக் குடிச்சேன், நின்னுடுத்து."

"உங்களுக்கு க்ஷயம் இல்லை. ஈரல்ல சீழ் கட்டியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வரணும். அது உடைஞ்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மாமி எதைக் கேட்பார் என்று நினைத்தேன்? ஊசி வலிக்குமா, பிழைப்பேனா என்று. அவர் கேட்டது வேறு. "அப்போ குழந்தைகள் கிட்ட வரலாமா?"

"வரலாம். நீங்க இருக்கணும். அதுக்குத்தான் கூப்பிடறேன்."

4. ஊசி

மாமியை அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். விஷயத்தைக் கேட்டதும் சீஃப் சிரித்தார்.

"ஸ்ரீரங்கத்து மாமிக்கு லிவர் ஆப்ஸெஸா? எந்த வீதியில காய்ச்சறாங்க? சொன்னா எனக்கும் உதவும்."

டாக்டர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"சார், குடிகாரங்க கேஸ் மட்டும் நீங்க பார்த்திருக்கீங்க. ஏன்னா அவங்க வயித்தை மட்டும்தான் அவிழ்த்துப் பார்த்திருக்கீங்க."

சீஃப் மாமியின் முதுகில் தட்டிப் பார்த்தார். "டல்லா இருக்கு. ப்ளூரல் எஃப்யூஷன். நுரையீரலைச் சுத்தித் தண்ணி. டி.பி.யாத்தான் இருக்கும்" என்றார்.

"கீழ் ஓரத்தைப் பாருங்க சார். விலா நடுவுல ஒரு விரல் வைங்க."

வைத்தார். மாமி துடித்தார். சீஃப் முகம் கொஞ்சம் மாறியது. எக்ஸ்ரே ஸ்க்ரீனிங்குக்கு அனுப்பினார். மூச்சு இழுக்கும்போது இடது பக்க உதரவிதானம் ஏறி இறங்கியது. வலது பக்கம் மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. படத்தைப் பார்த்த பிறகும் அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"நீயே குத்து. சீழ் வரலைன்னா நாளையிலிருந்து லேபர் வார்டு மட்டும். சம்மதமா?"

"சம்மதம் சார்."

இடம் எனக்குத் தெரியும். அந்த ஒரு விரல் காட்டிக் கொடுத்த இடம். மரத்துப் போக மருந்து போட்டு, பெரிய ஊசியை உள்ளே விட்டு, சிரிஞ்சை இழுத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஊசியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இழுத்தேன். வந்தது. புஸ்தகத்தில் இந்த நிறத்துக்கு ஏதோ வெள்ளைக்காரன் மீன் சாஸை உதாரணம் சொல்லியிருப்பான். அதை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. காப்பி டிகாஷனில் செம்மண் கரைத்த மாதிரி இருக்கும், நாற்றம் இருக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள். பேசின் நிறைய எடுத்தோம்.

சீஃப் பேசினையும் என்னையும் பார்த்தார். "எமெட்டின் ஊசி ஆரம்பி. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அந்த மருந்து ஹார்ட்டைப் பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான். பாராட்டெல்லாம் அவருக்கு வராது. ஆனால் அந்த வருஷம் சேர்ந்த இன்னொரு லேடி டாக்டரை அவர் யாரும் கேட்காமலேயே ஆண்கள் வார்டில் போட்டார். எனக்கு அது போதும்.

மாமி ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஹெட் கிளார்க்கே சமைத்து, தூக்குவாளியோடு சத்திரம் ஸ்டாப் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்து கொண்டுவந்தார். "ரசத்துல உப்பே இல்லை" என்று மாமி படுத்தபடியே திட்ட ஆரம்பித்த அன்று, இனிப் பிழைத்துக்கொள்வார் என்று நான் முடிவு செய்தேன். காய்ச்சல் விட்டது. ஈரலின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி விலாவுக்குள் போனது. தினமும் நானே பார்த்தேன். கும்பகோணத்திலிருந்து குழந்தைகள் வந்தன. சின்னது முதலில் அம்மாவை அடையாளம் தெரியாமல் அப்பாவின் பின்னால் ஒளிந்தது. மாமி அதை அவசரப்படுத்தவில்லை. கையை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அது வந்து அந்தக் கையில் ஒரு விரலைப் பிடித்தது.

5. எனக்குத் தெரிந்தது

இதை யோசித்துப் பாருங்கள். ஆண் டாக்டர்களுக்கு ஈரல் சீழைப் பற்றி எல்லாம் தெரியும், ஆனால் அந்த மாமியின் புடவையைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள். லேடி டாக்டர்கள் தளர்த்தச் சொல்லலாம், ஆனால் அவர்களைப் பிரசவ வார்டில் பூட்டி வைத்ததால் ஈரல் சீழ் எப்படி இருக்கும் என்றே தெரியாது. நடுவில் எத்தனை பெண்கள் க்ஷயம் என்ற பேரோடு பின்கட்டு அறையிலேயே செத்தார்களோ.

அறுபதுகளில் நான் ஸ்ரீரங்கத்திலேயே சொந்தமாக க்ளினிக் வைத்தேன். ஒரு நாள் செங்கமலம் மாமி, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியை இழுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் பெஞ்சில் படுத்துப் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமி, மடி..." என்றாள். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் மாமி அவள் கையை விலக்கினார்.

"மடியெல்லாம் ஆத்துக்குப் போய்ப் பார்த்துக்கலாம். சுத்தைத் தளர்த்துடி. இவா கீழேந்து ஆரம்பிச்சுத்தான் மேலே வருவா. நீ மூச்சை மட்டும் நன்னா இழு."