முப்பத்தொன்பதாவது ஆள்

பெண் பிள்ளைகள் சுற்றுலா போவதென்றால் கூடவே ஒரு டீச்சர் போயாக வேண்டும். உக்குவளைப் பக்கத்து அந்தச் சின்னப் பாடசாலையில் அந்த டீச்சர் எப்போதும் றாபியாதான். மற்றவர்களிடம் சாட்டுக்குக் குறைவில்லை: கைக்குழந்தை, சுகமில்லாத மாமி, விடமாட்டேன் என்கிற மாப்பிள்ளை. கல்யாணம் முடிக்காத ஐம்பத்திரண்டு வயதுக்காரி என்ன சாட்டுச் சொல்வது?

"ஒங்களுக்கென்ன டீச்சர், ஊட்டுல தேட ஆளா ஈக்கி?" என்று சிரித்துக்கொண்டே பெயரை எழுதிவிடுவார்கள். வேடிக்கைதான். ஆனால் வருசா வருசம் அது சுருக்கென்று தைத்தது.

தோளில் மருந்துப் பை, வாயில் எண்ணிக்கை. பஸ் நின்றால் எண்ணுவார், புறப்பட்டால் எண்ணுவார். இருபது வருடத்தில் ஒரு பிள்ளை தவறியதில்லை.

இந்த முறை யால வனவிலங்குப் பூங்கா. ஏழு ஜீப்பில் யானையும் முதலையும் பார்த்துவிட்டு, உள்ளே இறங்க அனுமதியுள்ள கடற்கரையில் பிள்ளைகள் ஆட்டம் போட்டார்கள். முப்பத்தெட்டுப் பேரையும் எண்ணி ஜீப்பில் ஏற்றியபின், தண்ணீரோரம் யாரோ விட்டுவிட்ட ஒற்றைச் செருப்பு கண்ணில் பட்டது. எடுக்கப் போனார். போன இடத்தில் ஓர் அலை வந்து காலை நனைத்தது. எத்தனை கடலுக்கு எத்தனை பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்! தன் காலை நனைக்க நேரம் கிடைத்தது அன்றுதான். கொஞ்சம் நின்றுவிட்டார்.

திரும்பினால் புழுதி மட்டும்தான் இருந்தது. டீச்சர் அடுத்த ஜீப்பில் என்று ஏழு ஜீப்பும் நினைத்துவிட்டன.

போனில் சிக்னல் இல்லை. மற்றப் பயணிகளும் போய்விட்டார்கள். முதலில் யானைக்குப் பயந்தார். பிறகு வேறொரு பயம் வந்தது. பூங்கா வாசலில் எப்படியும் எண்ணிப் பார்ப்பார்கள் என்று மனதைத் தேற்றப் பார்த்தார். யார் எண்ணுவது? எண்ணுகிற ஆள் இங்கேயல்லவா நிற்கிறது! யா அல்லாஹ், ஒரு பிள்ளையாவது "டீச்சர் எங்க?" என்று கேட்கட்டும். பாதையோரம் செருப்பைப் பிடித்தபடி அது ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. தன்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று நெஞ்சு நிறைந்துபோனது. பாடசாலை அதிபர் ஸக்கரியா குதித்து இறங்கினார்.

"டீச்சர், மருந்துப் பை எங்க? நிஹ்லாப் புள்ள வாசல் கேட்டடியில சத்தி எடுத்துக்கிட்டே ஈக்கிறா!"

றாபியா பையை நீட்டினார்.

"பையத் தேடப் போய்த்தான் ஒங்களக் காணல்லன்னு வெளங்கினிச்சி" என்றார் அதிபர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

றாபியா ஒற்றைச் செருப்போடு ஜீப்பில் ஏறினார்.

பஸ்ஸில், வாந்தியெடுத்துக் களைத்த நிஹ்லாவுக்குத் தேசிக்காயை முகரக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல எண்ணினார். முப்பத்தெட்டு முடிந்ததும் தன் நெஞ்சில் கையை வைத்து, "முப்பத்தொம்பது" என்றார் சத்தமாக.

"ஒன்னு கூடிட்டே டீச்சர், திரும்ப எண்ணுங்க" என்றார் அதிபர், பட்டியலில் இருந்து தலை தூக்காமல்.

"இல்ல சேர். சரியாத்தான் எண்ணினேன்."

அதிபர் பட்டியலை இரண்டு தரம் பார்த்தார். பிறகு முப்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.