மிதந்துபோன கழற்சி

1911 பங்குனியில், புன்னக்காயலில் ஓர் உப்பளக் காவலரைக் கண்டேன். கன்னம் ஒட்டிய மனிதர். எதை எடுத்தாலும் உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்த பிறகே கீழே வைப்பார். முன்பு ஆழ்வார்குறிச்சிப் பக்கம் நெல் பயிரிட்டவர்.

அவர் மனைவிக்கு நாள் விட்டு நாள் வரும் முறைக்காய்ச்சல். கழற்சிக் கொழுந்தையோ பருப்பையோ மிளகோடு அரைத்துக் கொடுத்தால்தான் தணியும். அங்கிருந்த ஒரே கழற்சிப் புதரைக் கார்த்திகை வெள்ளம் வேரோடு அடித்துப்போய்விட்டது. திருச்செந்தூர் மருந்துக்கடையிலும் சரக்கு இல்லை. எஞ்சிய விதைகளை அரைத்தால் பத்து நாளில் தீர்ந்துவிடும் என்று, குடிசையைச் சுற்றி ஊன்றியிருந்தார். ஒன்றும் முளைக்கவில்லை.

"நல்ல விதைதானா?" என்று கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? நெல்லு விதைச்ச கையில்லா இது! பானைத் தண்ணியில போட்டு, மிதந்த பதரையெல்லாம் அங்கன ஆத்துல வீசிட்டேன். முங்குனத மட்டுந்தான் ஊணியிருக்கேன்."

கழற்சி கடலோரச் செடி. அதன் நல்ல விதை உள்ளே காற்றை அடக்கி மிதந்து, கடல் தாண்டிப் போய் முளைக்கும் என்று படித்திருக்கிறேன். மூழ்குவது பெரும்பாலும் நீர் புகுந்து அழுகியது. உயிருள்ளதை எல்லாம் அவர் வீசிவிட்டார்.

உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "அது முளைக்கதுக்குள்ள என்னைய ஊணிருவிய."

"சும்மா கெட. பைய முளைக்கும்," என்றார் அவர்.

இனி வீட்டில் வேறு விதையே இல்லை. சொல்லி என்ன பயன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

ஆவணியில் மறுபடி போனேன். குடிசையில் அவர் மட்டும் இருந்தார்; மனைவி ஆடியிலேயே இறந்துவிட்டார். ஊன்றிய குழிகளுக்கு அப்போதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.