சதை போடும் டானிக்

அயோவாவின் சிற்றூர் ஒன்றில் கடை வைத்திருந்த ஏமஸ் கெட்டரிங்குக்கு வாய்தான் முதல். அளவெடுத்து அனுப்பி, சிகாகோவில் தைத்து வரும் சூட்டும் விற்பார். புட்டி மருந்தும் விற்பார். 1908இல், ஒல்லிக்குச்சியான விவசாயி லூஷியஸ் கல்யாணச் சூட்டுக்கு வந்தான். அளவெடுத்த கையோடு, சதை போடும் டானிக் ஆறு புட்டியையும் அவன் தலையில் கட்டினார்.

சூட்டு வந்ததும் லூஷியஸ் போட்டுப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது.

"பாத்தியா, நம்ம அளவு என்னிக்கும் தப்பாது" என்றார் ஏமஸ்.

"அதத்தாங்க நானும் சொல்ல வந்தேன். ஆறு புட்டியும் குடிச்சு முடிச்சிட்டேன். அளவு ஒரு நூல்கூட மாறலியே."

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதன்பின் சூட்டு வாங்க வருபவர்களுக்கு ஏமஸ் தலைவலி மருந்து மட்டுமே விற்றார். தலைவலியை எந்த டேப்பாலும் அளக்க முடியாது.